நம்ம பீலித் தண்ணி கொழும்பு போய்ச் சேரும் கதை



விடியற்காலையில் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறோம். குடம் நிறைகிறது, வழிகிறது. வழிந்த தண்ணி லயத்துக் கான் வழியாக ஓடி, தேயிலை மலைக்குள் இறங்கி, கீழே ஓடையில் கலந்து மறைந்துவிடுகிறது. பிறகு அது எங்கே போகிறது என்று நம்மில் அநேகம் பேர் யோசிப்பதில்லை. யோசிக்க நேரமும் இல்லை. பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளையை மடுவத்தில் விட வேண்டும்.

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் இப்படி வழிந்தோடுகிற தண்ணி கொழும்புக்குப் போகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே போகிறது. கொழும்பு மாநகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் குடிக்கிற தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தக் களனி கங்கையின் தலைமாட்டில் குடியிருப்பவர்கள் நாம்தான். புறக்கோட்டையில் கடையில் நிற்கிற நம்ம பையனும், பம்பலப்பிட்டியில் வீட்டு வேலை செய்கிற நம்ம பொண்ணும் குழாயைத் திறந்து குடிக்கிற தண்ணி, தாயும் தகப்பனும் வேலை செய்கிற மலையிலிருந்து இறங்கிப் போன தண்ணியாக இருக்கலாம்.

எல்லாத் தோட்டத்துத் தண்ணியும் களனிக்குப் போவதில்லை. அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்து ஆறுகள் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போய், நாட்டைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகின்றன. ஹோட்டன் சமவெளியில் பெய்கிற ஒரே மழை மகாவலிக்கும் களனிக்கும் வளவை கங்கைக்கும் பிரிந்து போகிறது. ஒரு மலைமுகட்டின் இந்தப் பக்கம் விழுந்த துளி கிழக்குக் கடலுக்கு, அந்தப் பக்கம் விழுந்த துளி மேற்குக் கடலுக்கு. பள்ளிக்கூடத்தில் இதை நீரேந்துப் பிரதேசம் என்று படிக்கிறார்கள். நம்ம பிள்ளைகள் அதற்குப் படம் பார்க்க வேண்டியதில்லை, லயத்து வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

களனிக்கு இரண்டு தாய் ஆறுகள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருவது கெஹெல்கமு ஓயா. சிவனொளிபாதமலை அடிவாரத்துத் தண்ணியைச் சேர்த்துக்கொண்டு வருவது மஸ்கெலி ஓயா. இரண்டும் கித்துள்கலைக்கு மேலே ஒன்றாகி, அங்கிருந்துதான் களனி கங்கை என்று பெயர் எடுக்கின்றன. பிறகு யட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவெலை என்று இறங்கி, களனி விகாரையைத் தொட்டுக்கொண்டு கொழும்பின் வடக்கில் கடலில் விழுகிறது. விழுகிற இடத்துக்குத் தமிழில் முகத்துவாரம் என்றே பெயர். ஆற்றின் மொத்த நீளம் சுமார் 145 கிலோமீற்றர். இறக்கம் எல்லாம் மேல் பகுதியில்தான். அவிசாவளை தாண்டினால் ஆறு அசமந்தமாகிவிடும், சமதரையில் நகர்ந்துதான் போகும். இந்த விசயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நோட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெய்கிற இடங்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. கொழும்பில் அதில் பாதிதான். வைகாசி பிறந்து தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால், கறுப்புக் கம்பளியும் படங்குச் சாக்கும் இல்லாமல் மலைக்குப் போக முடியாது. நாம் நனைகிற அந்த மழையைத்தான் அணை கட்டித் தேக்கி வைத்திருக்கிறார்கள்.

அணை கட்டியது குடிதண்ணிக்காக அல்ல, கரண்டுக்காக. இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அது நிறைவேற முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1950இல் பழைய லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது. 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணையும், 1969இல் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை அணையும் வந்தன. மவுசாகலைத் தண்ணிக்குள் பழைய மஸ்கெலியா டவுன் முழுதாக மூழ்கிப்போனது. கடும் வறட்சி வருகிற வருடங்களில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் மேலே தெரியும். வயதானவர்கள் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அந்தக் கோயில் தெரிகிறது என்றால் கொழும்பில் குடிதண்ணிக்குக் கஷ்டகாலம் நெருங்குகிறது என்றும் அர்த்தம். அது எப்படி என்று கீழே சொல்கிறோம்.

இந்த ஆறு கொழும்புக்கு விளக்கேற்றத் தொடங்கி வெகு காலத்துக்குப் பிறகுதான் அணைக்கரை லயங்களுக்கு மின்சாரம் வந்தது. அதுவரை குப்பி லாம்புதான். இதை மனக்குறைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தோம். ஆனால் மனக்குறைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

கொழும்பு எப்போதும் களனித் தண்ணியைக் குடித்ததில்லை. முன்னே கிணற்றுத் தண்ணிதான். 1886இல் வெள்ளைக்காரன் காலத்தில் லபுகமவில் ஒரு நீர்த்தேக்கம் கட்டிக் குழாய் வழியாக நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் பக்கத்திலேயே களட்டுவாவ நீர்த்தேக்கமும் சேர்ந்தது. அந்த இரண்டு தேக்கத்தையும் சுற்றியுள்ள காட்டை யாரும் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். இன்றைக்கும் அது பாதுகாக்கப்பட்ட காடு. தண்ணிக்குக் காடு வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. அதே காலத்தில் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, கோப்பி அழிந்து, அதே மலைகளில் தேயிலை வந்தது. நம்ம பூட்டன்மார் காலத்துக் கதை அது. வெட்டியதும் அவர்கள் கைதான், கூலி வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்தார்கள்.

நகரம் பெருத்துவிட்ட பிறகு லபுகமத் தண்ணி போதவில்லை. ஆற்றிலிருந்தே எடுப்பது என்று முடிவாகி அம்பத்தலையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கடலிலிருந்து ஆற்றோடு மேலே போனால் சுமார் 14 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. இன்று அங்கே நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் கன மீற்றருக்கு மேல் தண்ணி சுத்தமாகிறது. ஒரு கன மீற்றர் என்றால் ஆயிரம் லீற்றர், அதாவது பெரிய தகரப் பீப்பாயில் ஐந்து. மறுகரையில் பியகமவில் இன்னொரு நிலையம் 2013இல் திறக்கப்பட்டது.

அங்கே என்ன செய்கிறார்கள்? ஆற்றுத் தண்ணியைப் பம்பு வைத்து இழுத்து, கம்பி வலையில் குப்பை, இலை, தடி எல்லாவற்றையும் தடுக்கிறார்கள். காற்றுப் படும்படி கொட்டவிட்டுப் படிகாரம் சேர்க்கிறார்கள். படிகாரம் தெரியும்தானே, சலூனில் சவரம் செய்தபிறகு தேய்க்கிற கல்லு, அந்த இனந்தான். தண்ணியில் மிதக்கிற நுண்ணிய மண் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் போய்ப் படிகிறது. மேலே நிற்கிற தெளிந்த தண்ணியை மணல் படுக்கைக்குள் வடிய விடுகிறார்கள். கடைசியாகச் சுண்ணாம்பு, பிறகு குளோரின். மிஞ்சியிருக்கிற கிருமியைக் கொல்வது குளோரின்தான்.

இந்த முறை மண்ணையும் கிருமியையும் நன்றாக அகற்றும். உப்பு, எண்ணெய், கரைந்துபோன மருந்து ஆகியவற்றை அது அகற்றாது. 2015 ஓகஸ்ட்டில் ஆற்றோரம் இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து களனியில் கலந்தபோது, தண்ணி எடுப்பதை நிறுத்திவைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. அவிசாவளையிலும் பியகமவிலும் பெரிய கைத்தொழில் வலயங்கள் இருக்கின்றன. ஆறு அவற்றைக் கடந்துதான் அம்பத்தலைக்குப் போகிறது. ஆகவே களனியைக் கெடுப்பது தோட்டத்துக்காரன்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்ம பங்கு உண்டு, ஆனால் எல்லாப் பழியும் நம்ம தலையில் இல்லை.

இனி உப்புக் கதை. இது பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உப்புத் தண்ணி கனம் கூடியது. அதனால் அது மேலே மிதக்காமல் ஆற்றின் அடித்தரையோடு ஊர்ந்து உள்ளே வரும். ஆற்றில் வேகமும் தண்ணியும் இருந்தால் அதைத் திருப்பித் தள்ளிவிடும். தை, மாசி, பங்குனி மாதங்களில் மேலே மழை இல்லாவிட்டால் ஆறு மெலிந்துபோகும். அப்போது உப்பு மெல்ல மெல்ல மேலேறி அம்பத்தலைப் பக்கமே வந்துவிடும். முன்னே சொன்னோமே, அவிசாவளைக்குக் கீழே ஆறு சமதரை என்று, அதனால்தான் அதற்கு வருவது இவ்வளவு லேசு.

இதை இன்னும் மோசமாக்கியது மணல் அள்ளியது. கொழும்பில் மாடிக்கு மேல் மாடி எழும்பக் களனி மணல்தான் போனது. வருடக்கணக்காக அள்ளியதில் ஆற்றின் அடித்தரை தாழ்ந்து, கீழ்ப்பகுதியில் பல இடங்களில் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. பள்ளத்துக்குத் தண்ணி வருவதைக் கேட்கவா வேண்டும்? அள்ளிய மணலுக்குப் பதில் மேலிருந்து புது மணல் வந்து சேருவதும் குறைவு, அணைகள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. முன்பெல்லாம் ஒவ்வொரு வறட்சிக்கும் அம்பத்தலையில் ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்கி உப்பைத் தடுத்தார்கள். பின்னர் அங்கே நிரந்தரத் தடுப்பு கட்டினார்கள்.

வறட்சி முற்றிப்போனால் தடுப்பு மட்டும் போதாது. அப்போது நீர் வழங்கல் சபை மின்சார சபையிடம் கேட்கும், காசல்ரீயிலிருந்தும் மவுசாகலையிலிருந்தும் தண்ணி திறந்துவிடுங்கள் என்று. அந்தத் தண்ணி இறங்கிப்போய் உப்பைக் கடலுக்குத் தள்ளும். மின்சார சபைக்கோ அணையில் இருக்கிற தண்ணி நாளைக்குக் கரண்டு. கொடுத்தால் நாளைக்கு விளக்கு மங்கும், கொடுக்காவிட்டால் இன்றைக்குக் குழாய் உப்புக் கரிக்கும். பழைய கோயில் தெரிகிற அளவுக்கு மவுசாகலை வற்றிப்போயிருந்தால், கொடுக்கவே என்ன இருக்கிறது?

மழை கூடினாலும் தொல்லைதான். 1947இல், 1989இல், 2016 வைகாசியில் களனி பெருகிக் கரையோர ஊர்கள் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் நமக்கு இன்னும் ஆறாத காயம். அப்படிப்பட்ட நாட்களில் ஆறு தேத்தண்ணி நிறத்தில் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் மண். அதில் ஒரு பங்கு நம்ம தேயிலை மலையின் மேல்மண்.

நல்ல வாது விட்டு மலையை மூடி நிற்கிற தேயிலையில் மழை நேரே மண்ணில் விழாது, இலை தாங்கிக்கொள்ளும். கவ்வாத்து வெட்டிய மலையிலும், செடி செத்து மொட்டை விழுந்த இடத்திலும், சுரண்டித் துடைத்து வைத்த இடத்திலும் ஒவ்வொரு மழைக்கும் மண் கிளம்பி ஓடும். நம்ம முன்னோர் வெட்டிய கான்கள் அதற்காகத்தான். சரிவுக்குக் குறுக்கே, அங்கங்கே மண் தங்குவதற்குக் குழி விட்டு வெட்டினார்கள். பழைய கங்காணிமார் கானு வெட்டு என்றால் கோல் வைத்து அளந்து பார்ப்பார்கள். இப்போது அநேக மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது, வேலைக்கு ஆள் குறைவு என்கிறார்கள். ஓடின மண் காசல்ரீயில் படிந்தால் அணையில் தண்ணி கொள்ளுகிற இடம் குறைகிறது. அணையைத் தாண்டினால் அம்பத்தலையில் படிகாரச் செலவு ஏறுகிறது. மலையில் மண் போனதால் கொழுந்தும் குறைகிறது. அந்தக் கடைசி நட்டம் நம்ம பேர்ச்சிட்டில் தெரியும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "நமக்கே லயத்தில் நல்ல தண்ணி இல்லை, கொழும்புக்காரனுக்காக நாம ஏன் கவலைப்படணும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். கூட்டங்களில் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கொழும்புக்காரருக்குப் படிகாரமும் மணலும் குளோரினும் போட்டு, பரிசோதனைக்கூடத்தில் பார்த்து அனுப்புகிறார்கள். அதே தண்ணியின் தலைமாட்டில் இருக்கிற நமக்கு, அநேக டிவிசன்களில், ஊற்றிலிருந்து ஒரு குழாய், நடுவில் ஒரு தாங்கி, அவ்வளவுதான். தாங்கிக்கு மூடி இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறவர் யார்? இது சரிசெய்யப்பட வேண்டிய அநீதி, கேட்டு வாங்க வேண்டிய உரிமை. அதில் இரண்டு பேச்சில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊற்றுக்கு மேலே கட்டின மாடும், ஊற்றுக்கு மேலே தோண்டின மலசலகூடக் குழியும், ஓடையில் அலசின மருந்துக் கேனும் அம்பத்தலைக்குப் போவதற்கு முன்னால், முதலில் போவது பணிய லயத்துக் குடத்துக்குத்தான். அங்கே நம்ம தங்கச்சி குடும்பமோ மாமன் குடும்பமோ இருக்கும். கொழும்பில் குளோரின் காப்பாற்றும். பணிய லயத்தில் யார் காப்பாற்றுவது? வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், மஞ்சள் காமாலை மூன்றும் வாய்வழி போகிற அசுத்தத்தால் வருபவை. ஒரு லயத்தில் ஒரு பிள்ளைக்கு வந்து, அடுத்தடுத்த காம்பராவில் பிள்ளைகள் விழுந்தால், டொக்டரய்யா முதலில் கேட்பது "எந்தப் பீலியில தண்ணி எடுக்கிறீங்க?" என்றுதான்.

குழி வெட்டும்போது ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் ஆகக் குறைந்தது 50 அடி தள்ளி, கட்டாயம் அதற்குப் பணியத்தில் வெட்டுங்கள். இடமில்லை என்பது உண்மைதான், லயத்தைச் சுற்றி ஒரு சாண் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். அப்படியானால் தோட்டத்து நிர்வாகத்திடம் இடம் கேட்டு எழுதிக் கொடுங்கள், வாயால் கேட்டது காற்றோடு போகும். ஊற்றைச் சுற்றி வேலி அடித்து, மேற்பக்கம் உள்ள மரங்களை விறகுக்கு வெட்டாமல் விடுங்கள். மரம் போன ஊற்று மாசியில் வற்றுவதைப் பார்த்திருக்கிறோம்.

மருந்தடிக்கிறவர்கள் கவனத்துக்கு: பீச்சுகிற கேனை ஓடையில் முக்கிக் கழுவ வேண்டாம். கழுவுகிற தண்ணியைக் கேனுக்குள்ளேயே ஊற்றிக் குலுக்கி, அதையும் மருந்தடித்த மலையிலேயே தெளித்துவிடலாம். வெறும் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2021இல் உரமும் மருந்தும் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டு அதே வருடக் கடைசியில் திரும்பவும் திறந்ததை எல்லோரும் பார்த்தோம். சட்டம் வரும் போகும், போத்தலில் எழுதியிருக்கிற மண்டையோடு மாறாது.

தண்ணியைக் கொதிக்க வைப்பது பற்றி ஒரு விசயம். நம்ம மலை உயரத்தில் தண்ணி 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், பொகவந்தலாவையில் 96 பாகை அளவில். அதனால் கிருமி சாகாது என்று பயப்பட வேண்டாம், அந்தச் சூட்டிலும் சாகும். ஆனால் ஆவி பறந்தவுடன் இறக்காமல், குமிழி கொப்பளித்து மூன்று நிமிடம் நிற்க விடுங்கள். கலங்கல் தண்ணியாக இருந்தால் முதலில் தெளியவைத்து, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடித்துவிட்டுக் கொதிக்க வையுங்கள். கொதித்த தண்ணியில் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணி கலக்கிறவர்களும் உண்டு, அப்படிச் செய்தால் விறகு செலவானதுதான் மிச்சம். விறகு கஷ்டம் என்று தெரியும். வீட்டில் எல்லோருக்கும் முடியாவிட்டாலும் கைக்குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குமாவது ஒரு போத்தல் தனியாக வையுங்கள்.

வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பிறகு, பழகின பீலி என்றாலும் நம்ப வேண்டாம். மேலே என்ன இடிந்து என்ன கலந்தது என்று பார்க்கும்வரை வேறு தண்ணி எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தாங்கிக்குக் குளோரின் போடச் சொல்லலாம், அது அவருடைய வேலை.

அடுத்த இதழுக்கு உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். உங்கள் டிவிசனுக்கு எந்த ஊற்றிலிருந்து தண்ணி வருகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது, தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சின்னப் படமும் கீறி, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். ஓடை கீழே போய் எந்த ஆற்றில் சேர்கிறது என்பதையும் படத்தில் காட்டச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஓடையோரமாக நடந்து பாருங்கள், அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு.